எல்க் வேட்டைக்குத் துவக்கு வாங்குவதற்கு முன், தோட்டாப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

வன்னியில் மரை வற்றல் தின்று வளர்ந்தவர்களுக்கு நோர்வேயில் செப்டெம்பர் பிறந்தாலே காட்டு நினைவு வந்துவிடும். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் இலங்கையில் நம் மரையைத்தான் எல்க் என்று எழுதிவைத்தார்கள். இங்கே உள்ள எல்க் வேறு பிராணி, மரையைவிட எவ்வளவோ பெரிது. மாமாவின் இடியன் துவக்குக் கதைகளை நம்பி இறங்காதீர்கள்.

கடதாசி வேலை இவ்வளவுதான்: வேட்டைப் பரீட்சைக்கு 30 மணிநேர வகுப்பு, பொலிஸ் அனுமதி, வீட்டில் அங்கீகாரம் பெற்ற இரும்புப் பெட்டகம், வருடாந்தக் கட்டணம். அதோடு ஒவ்வொரு வருடமும் 30 வெடி பயிற்சி, பிறகு சோதனை. 100 மீற்றரில் றெயின்டியர் என்ற கலைமான் உருவத்தில் உள்ள 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து வெடியும் விழவேண்டும். பொறுமை இருந்தால் எல்லாம் முடியும்.

நான் ஏமாந்தது தோட்டா விஷயத்தில். 6.5×55 என்ற தோட்டா அளவில் பழைய றைபிள் ஒன்று மலிவாகக் கிடைத்தது. 1894இல் நோர்வே இராணுவம் எடுத்துக்கொண்ட அளவு அது. இன்றும் அதனால் எல்க் விழுத்துகிறார்கள். கடைக்காரரிடம் "எல்க்குக்கு" என்று சொல்லித்தான் தோட்டா கேட்டேன். மலிவு விலையில் 9.1 கிராம் சன்னம் (தோட்டாவிலிருந்து பறந்துபோய்ப் படும் குண்டு) உள்ள தோட்டா இரண்டு பெட்டி தந்தார். குறைந்தது 9 கிராம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த வரியைத்தான் நான் படிக்கவில்லை. 9 முதல் 10 கிராம் வரையான சன்னம் 100 மீற்றரில் குறைந்தது 2700 யூல் (சக்தியை அளக்கும் அலகு) வேகச்சக்தியோடு படவேண்டும். 10 கிராமுக்கு மேல் என்றால் 2200 யூல் போதும். என் பெட்டியின் பின்பக்கத்தில் 100 மீற்றருக்கு நேரே 2500கூட இல்லை.

செப்டெம்பர் 25, முதல் நாள் விடிய, வேட்டைத் தலைவர் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னை வேட்டையில் நிற்க விடவில்லை. அவர் செய்தது சரி. ஒரு கிழமை லீவு போட்டு வந்தவன் நாய் குரைப்பதைக் கேட்டபடி நெருப்படியில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். தெரிந்தும் வாய் திறக்காத அந்தக் கடைக்காரர்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. அதே துவக்குக்கு 10.1 கிராம் சன்னம் போட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

புதிதாக வாங்குபவர்கள் .308 அல்லது 30-06 என்ற தோட்டா அளவுத் துவக்கு எடுங்கள். 11 கிராம் அளவில், பட்டதும் விரியும் சன்னம் போட்டால் சட்டத்தைத் தாராளமாகத் தாண்டும், தோட்டாவும் எங்கும் கிடைக்கும். விரியாதபடி முழு உலோக உறை போட்ட இலக்குப் பயிற்சித் தோட்டா வேட்டைக்கு ஆகாது. பெரிசாக இருந்தால் நல்லது என்று என் சிநேகிதர் .300 வின்செஸ்டர் மக்னம் என்ற பலம் கூடிய தோட்டா அளவுத் துவக்கு வாங்கினார். தோளில் விழுந்த உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும்போதே கண்ணை மூடப் பழகிவிட்டார். சோதனையில் இரண்டு முறை தவறி, அதை விற்று .308 எடுத்தார். காயப்பட்ட எல்க்கைத் தேடி இரவு முழுக்க நாயோடு அலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொன்று: சன்னத்தின் எடை மாறினால் படும் இடமும் மாறும். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவால், ஓகஸ்டிலேயே 100 மீற்றரில் குறிப்பார்வையைத் திருத்திவிடுங்கள்.