கல்லூரி மன்றங்களில் மாற்றுத்திறனாளி மாணவர்களும் பங்கேற்க: மன்றப் பொறுப்பாளர்களுக்கான வழிமுறைகள்

தமிழ் மன்றம், வினாடி வினா மன்றம், சதுரங்கக் குழு, நாட்டு நலப்பணித் திட்டம் எதுவானாலும், மாற்றுத்திறனாளி மாணவர்கள் விலகி நிற்பதற்கு முதல் காரணம் பெரும்பாலும் படிக்கட்டு அல்ல, அறிவிப்புதான். நிகழ்ச்சி நடப்பதே தெரியாமல் போகிறது. தெரிந்தாலும், தன்னால் போய்வர முடியுமா என்பதற்கு அதில் விடை இல்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குங்கள்.

அறிவிப்பும் பதிவுப் படிவமும்

வாட்ஸ்அப் குழுவில் போஸ்டரை மட்டும் போட்டால் பார்வையற்ற மாணவருக்கு, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் வழியே கிடைப்பது ‘படம்’ என்ற ஒரு சொல்தான். போஸ்டரில் உள்ள அத்தனையையும் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்து போடுங்கள். துறைத்தலைவர் கையெழுத்திட்ட சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து அனுப்பினாலும் இதே சிக்கல்தான்.

எழுத்து ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘அம்மா’ கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளின் வரிசைதான். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் அதை அப்படியே உளறும். தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறிக்கு மாறச் சொல்லிவிட்டது. அச்சகத்துக்குப் போகும் மன்ற மலர்கள்தான் இன்னும் பழைய எழுத்துருவை விடவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒருமுறை மாற்றி, ர, ற, ஒற்று எழுத்துகளை மட்டும் சரிபார்த்தால் போதும்.

ஒவ்வொரு அறிவிப்பின் கடைசியிலும் நான்கு தகவல்கள் இருக்கட்டும்: அரங்கம் எந்தத் தளத்தில் உள்ளது, லிஃப்ட் அல்லது சாய்தளம் உண்டா, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை எங்கே, யாரைக் கேட்கலாம். சாய்தளம் இல்லையென்றால் ‘இல்லை’ என்றே எழுதுங்கள். வந்து பார்த்துத் திரும்பிப் போவதைவிட அது மேல்.

பதிவுப் படிவத்தில் ஊனத்தின் வகையையோ சதவீதத்தையோ சான்றிதழையோ கேட்க வேண்டாம். ‘நிகழ்ச்சியில் முழுமையாகப் பங்கேற்க என்ன ஏற்பாடு வேண்டும்?’ என்று ஒரே கேள்வி போதும். அதைப் பத்து நாட்களுக்கு முன்பே கேளுங்கள். முந்தைய நாள் மாலை தெரிந்தால் சைகைமொழிபெயர்ப்பாளர் கிடைக்கமாட்டார்.

இடம்

கூட்டத்தைத் தரைத்தளத்துக்கு மாற்ற முடிந்தால் பாதி வேலை முடிந்தது. சாய்தளத்தின் கணக்கு 1:12. அதாவது 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளம், மூன்று படிக்கு 5.4 மீட்டர். படிகள்மேல் பலகையைச் சாய்த்துப் போடுவது ஆபத்து. நாற்காலி பின்னால் கவிழும். நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்பதும் வேண்டாம். கைப்பிடியும் கால்தாங்கியும் பல நாற்காலிகளில் கழன்று வருபவை, அவற்றைப் பிடித்துத் தூக்கினால் ஆள் கீழே விழுவார்.

வாசலில் 90 செ.மீ. இடைவெளி வேண்டும். இரட்டைக் கதவில் ஒரு பக்கம் தாழிட்டிருந்தால் அதையும் திறந்து வையுங்கள். நுழைவாயில் கோலமும் பூ அலங்காரமும் அழகுதான், ஆனால் அவற்றைச் சுற்றிப் போக வழி விட்டுப் போடுங்கள். கழிப்பறைச் சாவி அலுவலகத்தில் இருந்து, அலுவலகம் ஐந்து மணிக்கு மூடினால், மாலை நிகழ்ச்சிக்கு அந்தக் கழிப்பறை இருந்தும் பயனில்லை. சாவியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மேடைதான் பெரும் சிக்கல். 75 செ.மீ. உயரமுள்ள மேடைக்கு 9 மீட்டர் சாய்தளம் தேவை, பல அரங்குகளில் அவ்வளவு இடமே இருக்காது. அப்படியானால் பரிசளிப்பை எல்லோருக்கும் கீழேயே நடத்துங்கள். ஒருவருக்காக மட்டும் சிறப்பு விருந்தினர் இறங்கி வந்து கைகொடுப்பது, கைதட்டல் வாங்கினாலும், அந்த மாணவரைக் காட்சிப்பொருளாக்கும்.

கேட்பது, பார்ப்பது

“எனக்கு மைக் வேண்டாம், குரல் பெரிசு” என்பவரிடமும் மைக்கைக் கொடுங்கள். பார்வையாளர் கேட்கும் கேள்வியை மேடையில் இருப்பவர் மைக்கில் திரும்பச் சொல்ல வேண்டும். பேசுபவர் ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லித் தொடங்கட்டும். ‘இங்கே பாருங்கள்’ என்று திரையைக் காட்டாமல், திரையில் என்ன இருக்கிறது என்று சொல்லட்டும்.

செவித்திறன் குறைந்த எல்லோருக்கும் சைகைமொழி தெரிந்திருக்காது, எனவே முதலில் அவர்களையே கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். பேச்சின் சுருக்கத்தையும் பாடல் வரிகளையும் பெயர்களையும் முன்னதாக அவர்களிடம் தாருங்கள். குத்துவிளக்கு ஏற்றும்போதும் காணொளி ஓடும்போதும் அரங்க விளக்குகளை அணைத்தாலும், அவர்கள்மேல் விழும் வெளிச்சம் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர் கிடைக்காவிட்டால், கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழைக் கேட்டு எழுத்தாக்கும். எதிரொலிக்கும் அரங்கிலும் தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சிலும் தடுமாறும், பெயர்களைக் கொலை செய்யும். போனைப் பேசுபவர் அருகிலேயே வைத்தால் ஓரளவு தேறும். வேகமாகத் தட்டச்சு செய்யும் மாணவர் ஒருவர் சாரத்தைத் திரையில் அடித்துக்கொண்டே வருவது பல நேரங்களில் இதைவிட நம்பகமானது.

போட்டிகள்

‘எல்லோருக்கும் ஒரே விதி’ என்ற வாதம் இங்கேதான் எழும். தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தரப்படுவது ஏற்கெனவே உள்ள நடைமுறை. கட்டுரைப் போட்டிக்கும் அதையே வையுங்கள். போட்டியாளர் சொல்லச் சொல்ல எழுதித் தரும் உதவியாளர் வேறு துறையைச் சேர்ந்தவராக இருக்கட்டும். மடிக்கணினியில் எழுதுவோருக்குப் பிழைதிருத்தியை அணைத்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. பேச்சுப் போட்டியில் ‘தடையின்றிப் பேசுதல்’ என்று மதிப்பெண் வைப்பது திக்குவாய் உள்ளவரைத் தொடக்கத்திலேயே தோற்கடிக்கும். கருத்துக்கும் சொல்லாட்சிக்கும் அந்த மதிப்பெண்ணைப் பிரித்துக் கொடுங்கள்.

சதுரங்கத்தில் வழி மிகத் தெளிவாக இருக்கிறது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி பார்வையற்றவர் தனிப் பலகை வைத்துக்கொள்ளலாம். அதில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் காயைச் செருகத் துளை இருக்கும், கறுப்புக் காய்களில் தடவி அறியும் அடையாளம் இருக்கும். ஒருவர் நகர்வைச் சொல்ல, எதிராளி அதைத் திரும்பச் சொல்லித் தன் பலகையில் வைக்க வேண்டும். துளையிலிருந்து காயை எடுத்தால்தான் ‘தொட்டதாக’க் கணக்கு, விரலால் தடவிப் பார்ப்பது தொடுவதாகாது. நடுவருக்கு இது தெரியாவிட்டால் முதல் ஆட்டத்திலேயே தகராறு வரும். விதியை அச்சிட்டு மேசையில் வைத்துவிடுங்கள்.

வினாடி வினாவில் கேள்வியை வாசிக்கும்போதே திரையிலும் காட்டுங்கள். படச் சுற்று இருந்தால், விடையைக் காட்டிக்கொடுக்காத விவரணையை முன்பே எழுதி வையுங்கள்.

கலைவிழா விளக்குகள் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக்கூடாது, சிலருக்கு வலிப்பு வரும். ஒலிபெருக்கி இரைச்சல் தாங்காதவர்களுக்குப் பக்கத்தில் ஓர் அமைதியான அறையைத் திறந்து வையுங்கள்.

முகாம்

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமில், “உனக்குக் கஷ்டம், நீ வர வேண்டாம், சான்றிதழ் தந்துவிடுகிறோம்” என்பது பரிவு போலத் தெரியும், விளைவு வெளியேற்றம்தான். கிராமத்துக்கு முன்கூட்டியே போய்த் தங்குமிடத்தையும் கழிப்பறையையும் பாருங்கள். தரையில் படுக்க முடியாதவருக்கு ஒரு கட்டில் ஏற்பாடு செய்யுங்கள். வீடுவீடாகக் கணக்கெடுப்பு, மருத்துவ முகாம் பதிவு, வரவுசெலவு எல்லாமே முகாம் வேலைதான். எதைச் செய்வது என்பதை அவரே சொல்லட்டும்.

பணமும் பொறுப்பும்

மொழிபெயர்ப்பாளர் ஊதியமும் வாகனச் செலவும் ஆண்டுத் தொடக்கத்திலேயே மன்ற வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாக இருக்க வேண்டும். நிதி இல்லை என்று நிர்வாகம் சொன்னால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதலையும் சுட்டி எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிக் கோரிக்கைக்கு வாய்மொழியிலேயே மறுப்பு வரும்.

சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று மட்டும் மேடையேற்றாமல் செயலாளர், பொருளாளர் பொறுப்புகளுக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்கள் போட்டியிட வழி இருக்கிறதா என்று பாருங்கள். வேட்புமனு அலுவலகம் மாடியில் இருந்தால் வழி இல்லை என்றுதான் பொருள். பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் மாறுவதால், மொழிபெயர்ப்பாளரின் எண், சாவி யாரிடம், எந்த அரங்கின் சாய்தளம் செங்குத்து என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.