பன்னிரண்டு தாளில் ஒரு பூவை ஆட வைக்கலாம்

முதலில் வால்ட் டிஸ்னியின் ‘ஃபிளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்’ கார்ட்டூனைப் பாருங்கள். 1932 ஜூலையில் வந்தது, எட்டு நிமிடம்தான். வசனமே கிடையாது, எல்லாம் பாட்டும் ஆட்டமும். காடு விழிக்கிறது, பூக்கள் சோம்பல் முறித்து உடற்பயிற்சி செய்கின்றன, அப்புறம் இரண்டு மரங்களின் காதல், அதைப் பொறுக்காத ஒரு பட்டமரம் வைக்கும் தீ. கதை அவ்வளவுதான். இரண்டாவது முறை பார்க்கும்போது கதையை விட்டுவிட்டு தொடையில் தாளம் தட்டிக்கொண்டே பாருங்கள், ஒவ்வொரு அசைவும் எங்கே வந்து விழுகிறது என்று புரியும்.

நாமும் ஒரு பூவைத் தாள் தாளாக வரைந்து, போனில் போட்டோ எடுத்து, அப்படித்தான் தாளத்துக்கு ஆட வைக்கப்போகிறோம். இசை முதலில், படம் அப்புறம்.

நிமிடத்துக்கு 120 தட்டு வருகிற மாதிரி ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கு சுலபம். ஒரு தட்டுக்கு அரை நொடி. சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம் (திரையில் வந்து போகும் ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு ஃபிரேம்), ஆக தட்டுக்கு 12. ஒரே படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் கண்ணுக்குக் குறை தெரியாது, அதனால் தட்டுக்கு ஆறு படம் போதும். பூ இடமிருந்து வலம் சாய ஆறு, திரும்பி வர ஆறு.

இப்போது வரைதல். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான், நானும் விழுந்தேன். தண்டையும் தலையையும் சேர்த்தே சாய்த்தேன், பூ ஆடவில்லை, கார் வைப்பர் மாதிரி போய் வந்தது. தண்டு முதலில் கிளம்ப வேண்டும், நடுவில் வளைய வேண்டும், தலை இரண்டு படம் தாமதித்து, வர மனமில்லாத குழந்தை மாதிரி பின்னால் இழுபட்டு வர வேண்டும். தண்டு நின்ற பிறகும் இதழ்கள் கொஞ்சம் முன்னே போய்த் திரும்பட்டும். ஆட்டத்தின் இரு முனைகளிலும் பூவின் நிலைகளை நெருக்கமாகவும் நடுவில் இடைவெளி விட்டும் வரையுங்கள். இதழ் ஐந்து என்றால் கடைசித் தாள் வரை ஐந்துதான், எண்ணிப் பாருங்கள்!

ஒரு சின்னத் திருட்டு வழி: இலைகள் இருபக்கமும் ஒரே மாதிரி இருந்தால், வரைந்த ஆறு தாளையும் திருப்பிப்போட்டு ஜன்னல் கண்ணாடியில் வைத்து நகலெடுங்கள். மீதி ஆறும் தயார்.

நிறத்தை அவசரப்பட்டு அடிக்காதீர்கள். டிஸ்னியின் அந்தப் படமே கறுப்பு வெள்ளையில்தான் தொடங்கியது, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பதிக்கும் புதிய டெக்னிகலர் முறை கைக்கு வந்ததும் வண்ணத்தில் மறுபடி செய்தார்கள். கார்ட்டூன் குறும்படத்துக்கான முதல் ஆஸ்கரும் அதற்கே கிடைத்தது. நீங்களும் பென்சில் படங்களை ஓட்டிப் பார்த்துத் திருப்தியானால் மட்டும் வண்ணம் தொடுங்கள். கலர் பென்சில் வேண்டாம், அழுத்தம் மாறி மாறி பூ மினுங்கும். ஸ்கெட்ச் பேனா பரவாயில்லை.

போட்டோ எடுக்கும்போது ஜன்னலை மூடி ஒரே விளக்கு, போன் அசையாமல் ஸ்டாண்டில். பன்னிரண்டையும் பத்து முறை ஓட்டினால் பத்து நொடி. பாட்டைச் சேர்த்ததும் பூ தாமதமாக ஆடுவதுபோலத் தோன்றினால், படத்தைத் திருத்த உட்காராதீர்கள், பாட்டை ஒன்றிரண்டு ஃபிரேம் பின்னால் தள்ளிப் பாருங்கள்.