சுவெட்டரைக் கழற்றிவிட்டு பெல்ட்டைப் போடுங்கள்

மகளுக்கு ஆறு வயது, மூளைவாதம். கழுத்து சரியாக நிற்காது. ஹட்டனிலிருந்து பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்கு வேனில் போய் வந்தே, அவளைப் பத்திரமாக உட்காரவைத்துக் கொண்டுபோகப் பழகினேன்.

இப்படியான பிள்ளையை மடியில் வைக்காதீர்கள். வேன் சடாரென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையும் தாங்காது. பின் சீட்டில், ஐந்து இடத்தில் பட்டி பிடிக்கிற சிறுவர் இருக்கைதான் சரி. பொருத்திய பின், வேனின் பெல்ட் அந்த இருக்கை வழியாகப் போகும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது.

குளிருக்குப் பயந்து நாம் விடும் பிழை சுவெட்டர். அதன் மேல் பட்டியை இழுத்தால் இறுகின மாதிரிதான் தெரியும். மோதினால் கம்பளி அமுங்கி பட்டி தளர்ந்துவிடும். கழற்றிவிட்டுக் கட்டுங்கள். தோள் பக்கம் பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள்; மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். அப்புறம் மேலே போர்வை.

வழியில் கினிகத்தேனை வளைவுகளில் உடம்பு சாயும். துவாயைச் சுருட்டி இரண்டு பக்கமும் வையுங்கள்; முதுகுக்குப் பின்னாலோ அடியிலோ வேண்டாம். தலையை சீட்டோடு கட்டவே கூடாது. ஒருமுறை சால்வையால் கட்டிப்போய் தெரபி மிஸ்ஸிடம் நல்ல ஏச்சு வாங்கினேன். தலை முன்னால் தொங்காமலிருக்க, இருக்கையை அதன் கையேடு விடுகிற அளவுக்குச் சாய்த்தால் போதும்.

ஒட்சிசன் சிலிண்டர், சளி உறிஞ்சும் மெஷின் இருந்தால் அசையாமல் கட்டிவையுங்கள். வலிப்பு மருந்து டிக்கியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும். நான் ஓட்டுவதில்லை, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சைப் பார்த்துக்கொண்டே வருவேன். நாவலப்பிட்டியில் வேனை நிறுத்தி பட்டியை மறுபடி கிள்ளிப் பார்ப்பேன்.