வேலூர்ப் புறநகரை ஆராய வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரி அளவு, மேற்கோள் முறை எல்லாம் வழிகாட்டியே திருத்திவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்பி, வாய்மொழித் தேர்வில் போய் மாட்டிக்கொள்கிற தவறுகளைத்தான் இங்கே சொல்கிறோம்.

எல்லை மாறியதை வளர்ச்சி என்று எழுதுவது

புதிதாக வருகிற ஆய்வேடுகளில் பாதி இங்கேதான் விழுகிறது. பார்த்துப் பார்த்து எரிச்சலே மிச்சம். வேலூரின் மக்கள்தொகை 2001-ல் 1,77,413, 2011-ல் 1,85,803. பத்தாண்டில் ஐந்து சதவீதம்கூட ஏறவில்லை. இதைப் பார்த்து ‘நகரம் தேங்கிவிட்டது’ என்று ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர் அதே 2011 எண்ணுக்குப் பக்கத்தில் இன்றைய 60 வார்டு மாநகராட்சியின் எண்ணை வைத்து ‘இருமடங்கு’ என்கிறார். இரண்டுமே தப்பு.

2008 ஆகஸ்ட் 1-ல் வேலூர் மாநகராட்சி ஆனது. ஆனால் 2011 கணக்கெடுப்பு, 2009 டிசம்பர் 31-ல் இருந்த எல்லைகளை வைத்து எடுக்கப்பட்டது. அதில் சத்துவாச்சாரியும் தாராபடவேடும் தனித்தனி நகராட்சிகள். வீடு கட்டுகிறவர்கள் அதற்கு முன்பே அங்கே போய்விட்டார்கள். மாநகராட்சி எல்லை பின்னால்தான் போய்ச் சேர்ந்தது.

செய்ய வேண்டியது இது. இன்றைய எல்லையை ஒரு வரைபடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குள் வருகிற நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒவ்வொன்றையும் 2001, 2011 கணக்கெடுப்புக் கையேடுகளில் தேடி, இரண்டு ஆண்டுக்கும் தனித்தனியாகக் கூட்டுங்கள். பிறகுதான் சதவீதம். ஓர் ஊரின் ஒரு பகுதி மட்டும் சேர்ந்திருந்தால் அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். மாவட்ட எண்ணுக்கும் இதே கதைதான்: 1989-ல் வட ஆற்காடு பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. 2011 கையேட்டில் உள்ள ‘வேலூர் மாவட்டம்’ இன்றைய மூன்று மாவட்டங்கள் சேர்ந்தது.

மனைப்பிரிவைக் குடியிருப்பாக எண்ணுவது

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதிப் பட்டியலில் ஒரு லேஅவுட், அதாவது மனைப்பிரிவு, இருந்தால் அங்கே ஊர் இருக்கிறது என்று பொருளில்லை. கல் நட்டு, தார் போட்டு, பத்து வருடமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிற மனைகள் எத்தனையோ. வில்லங்கச் சான்று மனை கைமாறியதைக் காட்டும். வீடு வந்ததை வீட்டுவரி விதிப்பும் மின் இணைப்புமே காட்டும். அனுமதி வாங்காத ‘அன்அப்ரூவ்டு’ மனைகளோ அந்தப் பட்டியலிலேயே இருக்காது. 2016 அக்டோபர் 20 வரை பதிவான அத்தகைய மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் வந்தது. அந்தக் கோப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சர்வே எண் மாறாது என்று நம்புவது

112/2 என்பது 112/2ஏ1 ஆகும். நகர நில அளவை நடந்த இடத்தில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று மொத்தமும் மாறும். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று முதலில் ஒரு அட்டவணை போடாமல் அ-பதிவேட்டை (சர்வே எண் வாரியாக நில விவரம் எழுதிய வருவாய்த் துறைப் பதிவேடு) திறக்காதீர்கள்.

செயற்கைக்கோள் படத்தில் பாலாற்றைக் கட்டடமாக்குவது

ஆற்றின் காய்ந்த மணலும் கான்கிரீட்டும் படத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி பிரதிபலிக்கும். ஆற்றையும் மொட்டைப் பாறை மலைகளையும் முதலில் மறைத்துவிட்டு வகைப்படுத்துங்கள்.

‘சென்னையைப் போலவே’ என்று தொடங்குவது

வேண்டாம்.

எல்லா வீட்டையும் குடும்பம் என்று பதிவது

சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் மாடி அறைகள் நாள் வாடகைக்குப் போகின்றன. அங்கே வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவர் இருப்பார். அடுத்த வாரம் வேறொருவர். கேள்வித்தாளில் ‘எத்தனை நாளாக இங்கே?’ என்பதை முதல் கேள்வியாக வையுங்கள்.