பத்மநாபபுரம் நவராத்திரி மண்டபம்: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் மூலிகை மரக் கட்டில், மணிமாளிகைக் கடிகாரம், இரண்டாயிரம் பேர் உண்ட ஊட்டுப்புரை என்று வரிசையாகச் சொல்வார்கள். நவராத்திரி மண்டபத்தைச் சொல்பவர் அபூர்வம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசர்கள் அமர்ந்து இசையும் நடனமும் கண்ட பழைய அரங்கு ஒன்று சிதையாமல் நிற்கிறதென்றால் அது இதுதான். அதைத் தாண்டிச் செல்ல மனம் வருகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

முதல் தவறு கிழமையில் நேர்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கன்னியாகுமரிக் கடற்கரையில் கழித்துவிட்டு, திங்கட்கிழமை ஊர் திரும்பும் வழியில் அரண்மனையைப் பார்க்கலாம் என்று திட்டமிடுகிறார்கள். திங்கள் விடுமுறை. 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோதும் அரண்மனை கேரளத்தின் பொறுப்பிலேயே இருந்துவிட்டது. இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. ஆகவே பண்டிகை நாட்களில் புறப்படுமுன் அந்த மாநிலத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பகலில் போய்ச் சேருவதும் நல்லதல்ல. ஒரு மணிக்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்தி, இரண்டு மணிக்குத்தான் மீண்டும் தொடங்குவார்கள். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும் என்பதால் உச்சிவெயிலில் முற்றங்களைக் கடப்பது குழந்தைகளுக்குச் சிரமம். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே உள்ளே நுழைவதுதான் சரி.

அடுத்தது, தொடக்கத்திலேயே களைத்துப்போவது. பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தில் தொண்ணூறு வகைப் பூக்களைச் செதுக்கிய மர விதானத்தின் கீழ் எல்லோரும் நெடுநேரம் அண்ணாந்து நிற்கிறார்கள். நிற்க வேண்டிய இடம்தான். அதன்பின் மந்திரசாலை, மணிமாளிகை, ஊட்டுப்புரை, தாய்க் கொட்டாரம், உப்பரிகை மாளிகை என்று குறுகிய மரப்படிகளில் ஏறியும் இறங்கியும், தாழ்ந்த நிலைவாசல்களில் குனிந்தும் நடந்து, சுற்றின் பிற்பகுதியில்தான் நவராத்திரி மண்டபத்துக்கு வருகிறோம். அதற்குள் முழங்கால் வலிக்கிறது, வயிறு பசிக்கிறது. எட்டிப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள். முதியவர்களோடு போகிறவர்கள் இடையில் எங்காவது உட்காரவைத்து, கொஞ்சம் தெம்பை மண்டபத்துக்கென்று மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

மண்டபத்தில் என்ன பார்ப்பது? அரண்மனை முழுக்க மரத்தால் ஆனது. இங்கே மட்டும் சட்டென்று கல். முன்பு மரத்தில் இருந்த மண்டபத்தைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார்கள். விளக்கேந்திய பாவைகள் தூண்களில் நிற்கிறார்கள். ஒரு கோடியில் சரஸ்வதி அம்மன் கோயில். நடனமும் பாட்டும் அந்தச் சன்னிதியின் முன்னால்தான் நடந்தன. அதனால் இதை அரசர்களின் பொழுதுபோக்குக் கூடம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆடுபவருக்கும் பாடுபவருக்கும் முதல் ரசிகை கலைமகள், அரசர் அவளுக்குப் பிறகுதான்.

தரையைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு. முகம் தெரியும் அளவுக்கு மின்னும் கருப்புத் தரை அது. சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகியது என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். சிறிது தள்ளி நின்று, வெளிச்சம் வரும் திசையை நோக்கிப் பாருங்கள். தூண்கள் தலைகீழாகத் தரையில் இறங்கியிருப்பது தெரியும். விளக்குகள் மட்டுமே எரிந்த அந்த இரவுகளில், ஆடியவர்களின் பாதத்தோடு அவர்களின் நிழலுருவும் சேர்ந்து ஆடியிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு பக்கவாட்டைப் பாருங்கள். துளைகள் இட்ட மரத்தடுப்புக்குப் பின்னால் அரண்மனைப் பெண்கள் அமர்ந்து நிகழ்ச்சியைக் கண்டார்கள். பலரும் இதை வெறும் ஜன்னல் வேலைப்பாடு என்று கடந்துவிடுகிறார்கள். யார் எங்கிருந்து பார்த்தார்கள், யார் யாருடைய கண்ணில் படக் கூடாது என்ற அந்தக் காலத்தின் சமூக ஒழுங்கு முழுவதும் அந்தத் தடுப்பில் இருக்கிறது. தூண் சிற்பங்களைக் கையால் தடவாதீர்கள். ஆளுக்கு ஒருமுறை தொட்டாலும் கல் தேயும்.

இனி, அன்பும் பக்தியும் உள்ளவர்களே செய்யும் தவறு ஒன்று. நவராத்திரி மண்டபம் என்ற பெயரை நம்பி நவராத்திரி நாட்களில் வருகிறார்கள். அந்த நாட்களில் சரஸ்வதி அம்மன் இங்கே இருப்பதில்லை! 1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. பிற்பாடு விழாவும் அங்கே போய்விட்டது. கம்பர் வழிபட்டது என்று நம் மக்கள் நம்பும் அந்த அம்மன், விழாவுக்கு முன்பே யானைமேல் புறப்படுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் செல்கிறார்கள். உப்பரிகை மாளிகையில் அரச உடைவாள் கைமாற, குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாக ஊர்வலம் நடந்து போகிறது. விழா பார்க்க விரும்பினால் இந்தப் புறப்பாட்டு நாளை விசாரித்து வாருங்கள். ஆனால் அன்று அரண்மனையை நிதானமாகச் சுற்றலாம் என்று எண்ண வேண்டாம். கூட்டம் அதற்கு இடம் தராது.

அரண்மனையை விட்டு வெளியே வந்ததும் காரில் ஏறிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பத்மநாபபுரம் ஒரு கோட்டை ஊர். கல்குளம் என்று இருந்ததற்கு 1744இல் இந்தப் பெயர் வந்தது. கோட்டை மதிலுக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். பக்கத்திலேயே இராமசுவாமி கோயில். இராமாயணக் காட்சிகளை மரப்பலகைகளில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அரண்மனையின் தச்சு வேலை பிடித்தவர்கள் இதைக் காணாமல் திரும்புவது நியாயமே இல்லை. பன்னிரண்டு சிவன் கோயில்களுக்குப் பக்தர்கள் ஓடியே சென்று வழிபடும் சிவாலய ஓட்டத்தின் தலங்களில் ஒன்று கல்குளம் நீலகண்டசுவாமி கோயில். மகா சிவராத்திரி வேளையில் காவி உடுத்தியவர்கள் 'கோவிந்தா, கோபாலா' என்று ஓடிவரும் சாலைகள் இவை. வாகனத்தில் வருகிறவர்கள் அன்று வழிவிட்டு ஒதுங்க வேண்டும். நம் மாவட்டத்துக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே செல்வது வழக்கம். நடை உச்சிப் பொழுதில் சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கும். ஆகவே அரண்மனையைக் காலையிலும் கோயில்களை மாலையிலும் வைத்துக்கொள்வது வசதி.

இடைப்பட்ட நேரத்துக்குத் தக்கலை இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர்தான். தமிழில் மெய்ஞ்ஞானப் பாடல்கள் இயற்றிய பீர் முகம்மது அப்பாவின் தர்கா அங்கே உள்ளது. ஆண்டு விழாவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுவதும் கூடிப் பாடுவார்கள். அரங்கக் கலையைத் தேடி வந்தவர்கள் பாட்டு உயிரோடு இருக்கும் இந்த இடத்தை விட்டுவிடக் கூடாது. தக்கலைக் கடைகளில் மட்டி வாழைப்பழம் கிடைத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள். வேறு ஊரில் அந்த ருசி வராது.

நாகர்கோவில் பக்கமிருந்து வருகிறவர்கள் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைப் போகும்போதே பார்த்துவிட நினைப்பார்கள். வேண்டாம், திரும்பும்போது பாருங்கள். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராகவே உயர்ந்த டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை அதற்குள் இருக்கிறது. கல்லில் தமிழும் லத்தீனும் பொறித்திருக்கிறார்கள். கோட்டை பெரியது, மரங்கள் அடர்ந்தது. காலையில் அதற்குள் இறங்கிவிட்டால் அரண்மனைக்குப் போய்ச் சேரப் பகல் ஒரு மணி தாண்டிவிடும்.