ஸ்டார் நோட்டு சேர்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ரூபாய் நோட்டின் எண்ணில், முன்னால் வரும் எழுத்துகளுக்கும் பின்னால் வரும் ஆறு இலக்கங்களுக்கும் நடுவே குட்டியாக ஒரு நட்சத்திரம் இருந்தால் அதுதான் ஸ்டார் நோட்டு. அச்சகத்தில் நோட்டுகளை வரிசை எண்படி நூறு நூறாகக் கட்டுவார்கள். அதில் ஒன்று பழுதாகிவிட்டால், அந்த இடத்துக்கு இது வரும். 2006-ல் 10, 20, 50 ரூபாயில் தொடங்கினார்கள். 500 ரூபாயில் 2016 டிசம்பரில்தான் வந்தது. 'ஸ்டார் இருந்தால் கள்ள நோட்டு' என்று 2023-ல் வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றியது. செல்லும் நோட்டுதான் என்று ரிசர்வ் வங்கியே விளக்கம் கொடுத்துவிட்டது.

முதல் வேலை, கைக்கு வரும் ஒவ்வொரு நோட்டிலும் எண்ணைப் பார்ப்பது. கடைக்காரர் தெரிந்தவர் என்றால் கல்லாவில் உள்ள பத்து, இருபதுகளைப் புரட்டிப் பார்க்கக் கேளுங்கள். வங்கியில் ஸ்டார் கலந்த கட்டு கிடைத்தால் யோகம்தான். கட்டைச் சுற்றிய தாளிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

கிடைத்ததும் நான்கு விஷயங்களைக் குறித்து வையுங்கள்: எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகள், எண் கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் ஒற்றை எழுத்து (இதுதான் உள்ளெழுத்து, சில நோட்டுகளில் இருக்காது), பின்பக்கம் கீழே உள்ள ஆண்டு, ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்து. 2006 நோட்டில் இருப்பது ஒய்.வி. ரெட்டியின் கையெழுத்து.

இப்போது விலை. நட்சத்திரம் இருப்பதாலேயே நோட்டு தங்கமாகிவிடாது. பலர் ஏமாறுவது இங்கேதான். மடிந்து அழுக்கேறிய சமீபத்திய பத்து ரூபாய் ஸ்டாருக்குப் பத்து ரூபாய்தான் கிடைக்கும். கூடுதல் விலை போவது மடிப்பே விழாத சலவை நோட்டுக்கு. அதிலும் ஆண்டு, கையெழுத்து, உள்ளெழுத்து மூன்றும் சேர்ந்து குறைவாக அச்சான வகையாக இருக்க வேண்டும். ஒருவர் இணையத்தில் லட்சம் என்று விலை போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். நாணய ஏலங்களில் அதே வகை உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று பாருங்கள், அதுதான் கணக்கு.

மடிப்பைக் கண்டுபிடிக்க, நோட்டை விளக்குக்கு முன்னால் சாய்த்துப் பிடியுங்கள். நடுவில் மெல்லிய கோடு ஓடினால் மடித்திருக்கிறார்கள். அதை மறைக்க இஸ்திரி போடாதீர்கள், தண்ணீரில் கழுவாதீர்கள். தாளின் மொறுமொறுப்பு போய்விடும், அதோடு மதிப்பும் போய்விடும். பி.வி.சி. பிளாஸ்டிக் இல்லாத உறையில் தட்டையாக வையுங்கள். ஸ்டேப்லரும் செலோடேப்பும் பக்கத்திலேயே வரக்கூடாது.

காசு கொடுத்து வாங்கும்போது இரண்டு எண் கட்டங்களிலும் நட்சத்திரம் இருக்கிறதா, அதன் நிறம் இலக்கங்களின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. பழைய நோட்டு வாங்கவோ விற்கவோ ரிசர்வ் வங்கி யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021-லேயே அறிவித்திருக்கிறது. 'உங்கள் நோட்டை எடுத்துக்கொள்கிறோம், முதலில் வரி கட்டுங்கள்' என்று அதன் பெயரில் யாராவது அழைத்தால் அந்த நிமிடமே போனை வைத்துவிடுங்கள்.