குரூசர் பைக்கின் பின் இருக்கை: செலவு செய்தும் வலி குறையாதது ஏன்?

வேலூரில் குரூசர், அதாவது தாழ்வாக அமர்ந்து கால் நீட்டி ஓட்டும் வகை பைக், வாங்கும் பலரும் முதல் நீண்ட பயணமாக ஏலகிரிக்கோ திருவண்ணாமலைக்கோ வீட்டிலுள்ள ஒருவரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு புறப்படுகிறார்கள். ஓட்டுபவருக்குக் கால் நீட்டிய சுகமான பயணம். பின்னால் இருந்தவரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். அடுத்த வாரம் வண்டி சீட் தைக்கும் கடையில் நிற்கிறது. பணம் செலவாகிறது, வலி அப்படியே இருக்கிறது. சீட் மட்டுமே குற்றவாளி என்று முடிவு செய்வதுதான் முதல் தவறு.

குரூசரின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். ஓட்டுபவர் இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் தாழ்வாக அமர்கிறார். பின்னால் இருப்பவர் கிட்டத்தட்டப் பின்சக்கரத்தின் அச்சுக்கு மேலேயே அமர்கிறார். பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஓட்டுபவருக்கு அந்த அசைவில் ஒரு பங்குதான் வந்து சேரும். பின்னால் இருப்பவர் முழுவதையும் முதுகெலும்பில் வாங்குகிறார். போதாக்குறைக்கு, இருக்கையைத் தாழ்வாக வைப்பதற்காக இவ்வகை வண்டிகளில் பின் ஷாக் அப்சார்பருக்குக் குறைந்த இடமே கிடைக்கிறது. ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650 போன்ற பெரிய வண்டியிலேயே பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் 101 மில்லிமீட்டர்தான். அந்தத் தூரம் தீர்ந்துவிட்டால் எவ்வளவு நல்ல மெத்தை போட்டிருந்தாலும் அடி நேராக உடம்புக்கு வரும்.

ஆகவே சீட்டைத் தொடும் முன் ஷாக் அப்சார்பரைச் சரிசெய்யுங்கள். ஸ்பிரிங்கை இறுக்கினால் வண்டி கடினமாகிவிடும் என்று எண்ணி, பெரும்பாலோர் அதை மிகத் தளர்வான நிலையிலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது ஆள் ஏறியதும் பின்பகுதி பாதிக்கு மேல் அமுங்கிவிடுகிறது. மீதியிருக்கும் கொஞ்சத் தூரமும் முதல் வேகத்தடையிலேயே தீர்ந்து 'டக்' என்று அடிக்கிறது. ஸ்பிரிங்கை முன்கூட்டி இறுக்குவது அதைக் கடினமாக்காது. அமுங்கிய வண்டியை மறுபடி தன் உயரத்துக்குக் கொண்டுவந்து, அசைய இடம் தரும். மீட்டியார் 350இல் இதற்கு ஆறு படிகள் உண்டு. அதற்கான கொக்கி ஸ்பானரை வைத்து நீங்களே திருப்பலாம். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் சாலையில் விழுவது இதனால் கிடைக்கும் கூடுதல் பயன்.

மென்மையாக இருக்கட்டும் என்று டயரில் காற்றைக் குறைப்பது ஆபத்தான தவறு. இருவர் செல்லும்போது பின் டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பது வண்டியுடன் வந்த கையேட்டில் இருக்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில், காற்றுக் குறைந்த டயரை இரண்டு பேர் பாரத்தோடு பெங்களூர் நெடுஞ்சாலையில் ஓட்டினால் அது சூடேறிக்கொண்டே போகும்.

இப்போது சீட். கடையில் கையால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த மென்மை வண்டி ஆம்பூர் போய்ச் சேரும் வரைகூட நிற்காது. மென்மையான ஃபோம் அமுங்கி, இடுப்பெலும்பு அடித்தகட்டில் உட்கார்ந்துவிடும். அழுத்தினால் சற்று எதிர்த்து நிற்கும் அடர்த்தியான ஃபோம்தான் நீண்ட தூரத்துக்கு உதவும். அகலமும் மேற்பரப்பின் சாய்வும் அதே அளவு முக்கியம். பின்பக்கம் சரிந்த சீட்டில் அமர்பவர், ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் விழுந்துவிடாமலிருக்கத் தன்னைப் பிடித்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். வலியின் பாதி அந்தப் பிடிப்பில் வருவது. ஜெல் வைத்த சீட் வெயிலில் நின்றால் வெகுநேரம் சூட்டை விடாது. நமக்கு அது பொருந்துவதில்லை.

தோல் பற்றியும் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று தோல் தொழில் வேரூன்றிய மண்ணில் நல்ல தோல் கிடைப்பது எளிது. அசல் தோலில் சீட் தைத்துக்கொள்ளும் ஆசையும் எளிதாக வருகிறது. அந்தத் தோலின் தரத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு அது ஏற்றதல்ல. மழைநீர் தையல் துளைகள் வழியே ஃபோமுக்குள் இறங்கித் தங்கிவிடும். வெயில் தோலை வறட்டி வெடிக்க வைக்கும். தரமான ரெக்சினும், அதன் மேல் காற்றுப் போகும் வலைத்துணி உறையும் போதும்.

சீட்டைவிட அதிகம் புறக்கணிக்கப்படுவது ஃபுட்ரெஸ்ட். அது உயரமாக இருந்தால் முழங்கால் மடங்கி மேலேறும், தொடை சீட்டிலிருந்து விலகும், மொத்த எடையும் வால் எலும்பில் இறங்கும். வேகத்தடையில் காலை ஊன்றி உடலைச் சற்றே தூக்கிக்கொள்ளவும் முடியாது. ஃபுட்ரெஸ்டைத் தாழ்த்த முடிந்தால் தாழ்த்துங்கள். திருப்பத்தில் சாயும்போது தரையில் உரசாமலும் சைலன்சரில் கால் படாமலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் சீட்டை ஓர் அங்குலம் உயர்த்தினாலே முழங்கால் விரியும்.

அழகுக்காகக் கைப்பிடியையும் சேலை கார்டையும் கழற்றிவிடுவதை நான் மன்னிக்க முடியாத தவறாகவே கருதுகிறேன். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் ஆள் அமரும் வண்டிக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது. துப்பட்டாவோ முந்தானையோ சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நினைத்தே அந்த விதி எழுதப்பட்டது. சேலை உடுத்திப் பக்கவாட்டில் அமரும் அம்மாவோ அத்தையோ வருவார்கள் என்றால், இரண்டு பாதமும் தட்டையாக ஊன்றும் அகலமான பலகையும் சேலை கார்டில் இருக்கட்டும். இருபுறமும் கால் போட்டு அமர்வதே பாதுகாப்பு. அதற்கு இசைவான உடையில் வரச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பேக்ரெஸ்ட் நல்லது, சரியான இடத்தில் இருந்தால். அது கீழ்முதுகைத் தொட வேண்டும். மிகப் பின்னால் இருந்தால் சாய்வதற்காக உடல் சரியும், வலி கூடும். மட்கார்டு தகட்டில் திருகப்பட்டதை நம்பாதீர்கள். பேக்ரெஸ்ட் வண்டியின் சட்டகத்தோடு (ஃபிரேம்) இணைந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் அமர்பவருக்கு அதனால் பயனில்லை, ஏறும்போது இடிக்கவே செய்யும். அதற்கும் பின்னால் கனமான பெட்டியைக் கட்டினால் முன்சக்கரத்தின் பாரம் குறைந்து வண்டி தள்ளாடும்.

இதையெல்லாம் முடிவு செய்யும் முன் ஒன்று செய்யுங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்த நண்பரிடம் சாவியைக் கொடுத்து, காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை நீங்கள் பின்னால் உட்கார்ந்து போய் வாருங்கள். தன் வண்டியின் பின் இருக்கையில் ஒருமுறைகூட உட்காராதவர்களே அதிகம். எது குத்துகிறது, எது வழுக்குகிறது என்பது கடைக்காரருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு வழக்கமாகப் பின்னால் அமர்பவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அளவு அவருடையது.

ஓட்டும் விதமும் சேர்ந்ததுதான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தால், பின்னால் இருப்பவரின் தலைக்கவசம் உங்கள் தலைக்கவசத்தில் வந்து மோதும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். தோளில் தட்டினால் நிறுத்த வேண்டும் என்று புறப்படும்போதே பேசிக்கொள்ளுங்கள். தட்டியதும் பாதுகாப்பான அடுத்த இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் பத்து கிலோமீட்டர்தான் என்று சொல்லாதீர்கள்.